முப்பது அறைக் கணக்கு

எந்தத் துறையை எந்த அறையில் வைப்பது? 1968-இல் கேட்ட கேள்விக்கு 2000-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரு வாரம் ஓடிப் பதில் சொல்லின. அந்தப் பதிலோ, அதற்கு முன்பே எல்லோர் கையிலும் இருந்தது!

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். ஓ.பி. சீட்டு வாங்க வாசலில் வரிசை. டாக்டர் இருப்பது மாடியில். அவர் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் அது பின்கட்டில், எக்ஸ்ரே என்றால் அடுத்த பிளாக்கில். ரிசல்ட்டோடு மறுபடியும் மாடி. மருந்து வாங்கத் திரும்பவும் வாசல். கால் சுளுக்கியவரை இத்தனை தூரம் நடக்கவிடும்படி இதை யார் கட்டினார்கள் என்று சலித்துக்கொள்ளாமல் யாரும் வெளியே வருவதில்லை.

கெய்ரோவில் ஒருவர் இந்தச் சலிப்பைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். அல்வலீத் எல்ஷாஃபெய் என்பவர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு அது. எகிப்தின் தலைநகரில் உள்ள அகமது மாஹர் ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பகுதியில் 19 பிரிவுகள். எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பது ஓர் அட்டவணை. எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது இன்னொன்று. நோயாளிகள் நடக்கும் மொத்தத் தூரம் குறைய வேண்டும் என்றால் 19 பிரிவுகளையும் 19 இடங்களில் எப்படி வைப்பது? கேள்வி அவ்வளவுதான். வைக்கக்கூடிய விதங்களை எண்ணினால் 18 இலக்க எண் வருகிறது.

இதை இருபடி ஒதுக்கீட்டுக் கணக்கு என்கிறார்கள். உகப்பாக்கத் துறையில் கடினமான கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் இவ்வளவு சாதுவாகத் தோன்றி இவ்வளவு முரண்டு பிடிப்பது வேறு ஏதாவது உண்டா என்பது சந்தேகமே.

முரண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, முதலில் இதன் எளிய உடன்பிறப்பைப் பார்க்க வேண்டும்.

பத்து வேலை, பத்து ஆள்

நம் பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது இந்த எளிய கணக்கு. பத்து ஆட்கள், பத்து வேலைகள். இன்னார் இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி கேட்கிறார் என்று ஓர் அட்டவணை. ஆளுக்கு ஒரு வேலை கொடுத்து, மொத்தக் கூலி மிகக் குறைவாக வரும்படி ஒதுக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்றால் 36,28,800 விதங்கள். ஆட்கள் 70 ஆனால் 101 இலக்க எண்.

பார்க்கத் தேவையே இல்லை. ஒருவர் எல்லா வேலைக்கும் 50 ரூபாய் கூட்டிக் கேட்கிறார் என்று வையுங்கள். அவருக்கு எப்படியும் ஒரு வேலை தந்தே ஆக வேண்டும், ஆகவே எந்த ஒதுக்கீட்டிலும் மொத்தம் அதே 50 ரூபாய்தான் கூடும். எது சிறந்த ஒதுக்கீடு என்பது மாறாது. இதையே திருப்பிப் போட்டால், ஒருவரின் வரிசையிலிருந்து ஒரே தொகையைக் கழித்தாலும் ஒரு வேலையின் நிரலிலிருந்து கழித்தாலும் விடை கெடாது. இப்படிக் கழித்துக் கழித்து, எந்த எண்ணும் சுழியத்துக்குக் கீழே போகாமல், சுழியங்களாக விழ வைக்கலாம். சுழியம் உள்ள கட்டங்களிலேயே பத்துப் பேரையும் பொருத்த முடிந்துவிட்டால் வேலை முடிந்தது. மொத்தம் சுழியம்; அட்டவணையில் சுழியத்தைவிடச் சிறிய எண் கிடையாது. இதைவிடக் குறைந்த செலவு இல்லை என்பதற்குச் சாட்சி விடையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தச் சாட்சி என்பதை நினைவில் வையுங்கள், கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முறைக்கு ஹங்கேரியன் முறை என்று பெயர். கண்டுபிடித்தவர் அமெரிக்கர், ஹரால்ட் கூன். 1953 கோடையில் டேனெஷ் கோனிக் ஜெர்மன் மொழியில் எழுதிய கோட்டுருவியல் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அடிக்குறிப்பு ஒன்று, யெனோ எகர்வாரி 1931-இல் ஹங்கேரிய மொழியில் எழுதிய கட்டுரையைச் சுட்டியது. கூனுக்கு ஹங்கேரியம் தெரியாது. நூலகத்திலிருந்து அகராதியும் இலக்கணப் புத்தகமும் எடுத்துவந்து, மொழியைக் கற்றுக்கொண்டு கட்டுரையை மொழிபெயர்த்தார். பிறகு 12 ஆள், 12 வேலைக் கணக்கை இரண்டு மணி நேரத்துக்குள் கையாலேயே போட முடிந்தது அவரால். அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இந்த அளவே பெரிய சுமை. 1955-இல் முறையை வெளியிட்டபோது அந்த இரண்டு ஹங்கேரியர்களின் நினைவாகப் பெயர் வைத்தார். தன் பெயரை ஒட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு வேடிக்கை, அரை நூற்றாண்டு கழித்துத் தெரியவந்தது. 1851-இல் இறந்துபோன ஜெர்மன் கணித மேதை யாக்கோபி இதே முறையை லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். அவர் காலத்தில் அதற்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இன்று ஆயிரம் பேர், ஆயிரம் வேலை என்றாலும் சாதாரண லேப்டாப் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும்.

பக்கத்தில் யார்?

இப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். எக்ஸ்ரே பிரிவை மூன்றாம் எண் அறையில் வைத்தால் செலவு எவ்வளவு? சொல்ல முடியாது. எலும்பு முறிவுப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்லலாம். அதை எங்கே வைப்பது என்பதோ எக்ஸ்ரே எங்கே என்பதைப் பொறுத்தது. கூலி அட்டவணையைப் போல முன்கூட்டியே எழுதிவைக்க இங்கே எண்ணே இல்லை. கல்யாணப் பந்தியில் மாமாவுக்கு எந்த இலை என்று கேட்டால், பக்கத்து இலையில் யார் என்று திருப்பிக் கேட்கிற கதைதான். 30 துறைகள் என்றால் 435 ஜோடிகள். ஒன்றை நகர்த்தினால் அதோடு சேர்ந்த 29 ஜோடிகளின் கணக்கும் குலைகிறது.

கடினமாவதற்கு வேறு வழியும் உண்டு. ஆளையும் வேலையையும் மட்டும் ஜோடி சேர்க்காமல், டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நேரம் என்று மும்மூன்றாகச் சேர்க்கச் சொன்னாலே ஹங்கேரியன் முறை கைவிட்டுவிடும். 1972-இல் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினக் கணக்குகளில் மும்மைப் பொருத்தமும் ஒன்று. ஆனால் முப்பது அறைக் கணக்கின் கொடுமை அதற்கும் ஒரு படி மேலே.

1957-இல் இதைக் கணக்காக எழுதி வைத்தவர்கள் இரண்டு பொருளியலாளர்கள், ட்யாலிங் கோப்மான்ஸும் மார்ட்டின் பெக்மனும். ஆஸ்பத்திரி அவர்கள் மனத்தில் இல்லை. தொழிற்சாலைகளை எந்தெந்த ஊரில் வைப்பது, அங்கே சந்தை என்ன செய்யும் என்பதே கேள்வி. எளிய கணக்கில் சந்தை அழகாக நடந்துகொள்கிறது. ஒவ்வொரு மனைக்கும் சரியான வாடகையை வைத்துவிட்டால், ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் லாபத்தை மட்டும் பார்த்தபடி தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். யாருக்கும் இடம் மாறத் தோன்றாது. ஆனால் தொழிற்சாலைகளுக்கிடையே சரக்குப் போக்குவரத்து உண்டு என்று சேர்த்ததும் இது உடைந்தது. எந்த வாடகை வைத்தாலும் யாரோ ஒருவருக்கு வேறு இடத்துக்கு மாறினால் லாபம் என்ற நிலை வரக்கூடும்; உகந்த ஒதுக்கீட்டைக்கூட விலைகளால் நிறுத்திவைக்க முடியாது. விலையே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்த 1957 கட்டுரையைப் பரிசாகக் கொடுக்கலாம். எழுதியவர்களில் ஒருவரான கோப்மான்ஸ் சந்தைக்கு எதிரியும் இல்லை. வளங்களை உகந்தபடி ஒதுக்கும் கோட்பாட்டுக்காக 1975-இல் நோபல் பரிசு வாங்கியவர்.

கணக்கு எழுதப்பட்டதும் அது பல இடங்களில் தலைகாட்டத் தொடங்கியது. 1961-இல் லியோன் ஸ்டைன்பர்க், கம்ப்யூட்டர் ஒன்றின் பின்பலகையில் 34 பாகங்களை 36 இடங்களில் பொருத்துவது பற்றி எழுதினார். அங்கே தூரம் என்பது கம்பியின் நீளம். ஆஸ்திரியக் கணிதர் ரைனர் புர்கார்ட், ஓஃபர்மன் என்பவருடன் சேர்ந்து டைப்ரைட்டர் விசைகளுக்கு இதைப் பயன்படுத்தினார். எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பது ஓர் அட்டவணை, ஒரு விசையிலிருந்து இன்னொன்றுக்கு விரல் போக ஆகும் நேரம் இன்னொன்று.

தோராயமாகவாவது?

சரி, மிகச் சிறந்தது வேண்டாம். கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை, உத்தரவாதத்தோடு ஒரு விடை கிடைக்குமா? பல கடினக் கணக்குகள் இந்தப் பேரத்துக்கு இறங்கிவரும். இது வராது. புனேயில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சார்தாஜ் சாஹ்னியும் தியோஃபிலோ கொன்சாலெஸும் 1976-இல் அதை நிறுவினார்கள். உகந்த விடையைப் போல இரண்டு மடங்குக்குள் என்றில்லை, நூறு மடங்குக்குள் என்று எல்லாக் கணக்குகளுக்கும் உறுதி தரும் வேகமான முறை ஒன்று இருந்தாலும், அதை வைத்தே கார்ப் பட்டியலிட்ட கடினக் கணக்குகளையெல்லாம் வேகமாகத் தீர்த்துவிடலாம்; அப்படி நடக்கும் என்று இந்தத் துறையில் அநேகமாக யாரும் நம்புவதில்லை.

நடைமுறையில் நல்ல விடை கிடைக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. தாராளமாகக் கிடைக்கிறது. ஏதோ ஒரு வரிசையில் துறைகளை வைத்து, இரண்டு இரண்டாக இடம் மாற்றிப் பார்த்து, குறைந்தால் ஏற்று, மாட்டிக்கொண்டால் சற்றுமுன் செய்த மாற்றங்களைக் கொஞ்ச காலத்துக்குத் தடைசெய்து வேறு பக்கம் நகரும் முறை ஒன்றை 1991-இல் எரிக் தையார் செம்மைப்படுத்தினார். எழுதினால் சில பக்க புரோகிராம். முப்பது அறைக் கணக்குகளில் அது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால், கிடைத்த வரைபடத்தை விடச் சிறந்தது இல்லவே இல்லையா என்று கேட்டால் அது வாய் திறக்காது. ஹங்கேரியன் முறையில் விடையோடு ஒட்டி வந்த சாட்சி இங்கே வருவதில்லை.

அந்தச் சாட்சியைத் தேடிய கதைதான் நுஜென்ட் 30.

6,124

1968-இல் நுஜென்ட், வோல்மன், ரூம்ல் ஆகிய மூவர், துறைகளை இடங்களில் ஒதுக்கும் பல முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில மாதிரிக் கணக்குகளை வெளியிட்டார்கள். அவற்றில் பெரியது 30 துறைகள் கொண்டது; அதுதான் நுஜென்ட் 30. இடங்கள் ஐந்துக்கு ஆறு கட்டங்களாக, தெருக்களில் நடப்பதுபோல் நேர்க்கோடுகளில் தூரம் அளக்கும்படி. காலப்போக்கில் ஒவ்வொரு புதிய முறைக்கும் இது தேர்வுத்தாள் ஆனது. மொத்தச் செலவு 6,124 வரும் வரைபடம் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு யார் எந்த முறையில் முயன்றாலும் 6,124-க்குக் கீழே இறங்கவில்லை. அதுதான் உகந்த விடை என்று எல்லோருக்கும் தோன்றியது. தோன்றுவது நிரூபணம் ஆகுமா?

முப்பது துறைகளை வைக்கும் விதங்கள் 33 இலக்க எண். நொடிக்கு ஒரு லட்சம் கோடி விதங்களைப் பார்க்கும் இயந்திரம் இருந்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப் போல 600 மடங்கு காலம் வேண்டும். எண்ணிப் பார்ப்பது வழியில்லை; கும்பல் கும்பலாகத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு மரம் வரைகிறார்கள். முதல் துறையை ஓர் இடத்தில் வைத்தால் ஒரு கிளை. கட்டம் இடம்வலமாகவும் மேல்கீழாகவும் சமச்சீர் என்பதால் முதல் துறைக்கு 30 இடங்களையும் பார்க்க வேண்டாம், ஒரு மூலையைச் சுற்றிய ஒன்பது போதும். பிறகு இரண்டாவது துறை, மூன்றாவது என்று கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையிலும் கேட்கும் கேள்வி ஒன்றே. இதுவரை வைத்தது வைத்தபடி இருக்க, மீதியை எவ்வளவு சாமர்த்தியமாக வைத்தாலும் செலவு இன்ன எண்ணுக்குக் கீழே இறங்காது என்று காட்ட முடியுமா? அந்தக் கீழ் எல்லை 6,124-ஐத் தொட்டுவிட்டால் கிளையை அங்கேயே வெட்டலாம். அதற்குள் இருக்கும் கோடானுகோடி வரைபடங்களை ஒருவரும் பார்க்கத் தேவையில்லை.

எல்லாம் அந்தக் கீழ் எல்லையின் வலுவைப் பொறுத்தது. இருபடிக் கணக்கின் உண்மையான முரண்டும் இங்கேதான் இருக்கிறது. கில்மோர் 1962-இலும் லாலர் 1963-இலும் தந்த பழைய எல்லை, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக ஆகச் சிறந்த சூழ்நிலையைக் கற்பனை செய்கிறது. மற்றவர்கள் எல்லாம் எக்ஸ்ரேவுக்குத் தோதாக நிற்பதாக ஒரு கணக்கு. அதே மற்றவர்கள் அதே நேரத்தில் ரத்தப் பரிசோதனைக்கும் தோதாக வேறெங்கோ நிற்பதாக இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றாக நடக்காது. ஆகவே எல்லை, உண்மைக்கு வெகு கீழே போய் விழுகிறது. கிளைகளை வெட்ட முடிவதில்லை. இதனோடு ஒப்பிட, ஊர் ஊராகச் சுற்றித் திரும்பும் பயண விற்பனையாளர் கணக்கைப் பாருங்கள். அங்கே கீழ் எல்லைகள் உண்மையை உரசிக்கொண்டு நிற்கும். அதனால்தான் 2006-இல் 85,900 புள்ளிகள் கொண்ட பயணக் கணக்கையே நிரூபணத்தோடு முடித்துவிட்டார்கள். அந்தப் பயணக் கணக்கும் இருபடி ஒதுக்கீட்டின் ஒரு தனி வகைதான். பிள்ளை 85,900 வரை போய்விட்டது. தாய் 30-இல் நின்று திணறினாள்.

அயோவா பல்கலைக்கழகத்தின் கர்ட் ஆன்ஸ்ட்ரைகரும் அவர் மாணவர் நேதன் பிரிக்ஸியஸும் இதைவிட வலுவான ஓர் எல்லையை உருவாக்கினார்கள். ழான்-பியேர் கூ, ஜெஃப் லிண்டரோத் இருவரும் அவர்களோடு சேர்ந்தார்கள். வேலை தொடங்குமுன், மரத்தில் குருட்டாம்போக்கில் சில இடங்களில் இறங்கிப் பார்த்து மொத்தக் கிளைகளை மதிப்பிடும் டொனால்ட் நூத்தின் உத்தியால் எவ்வளவு காலம் ஆகும் என்று ஆழம் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய நல்ல ஒர்க்ஸ்டேஷன் ஒன்றில் ஓடவிட்டால் சுமார் ஏழு ஆண்டுகள். அதைச் சீக்கிரம் முடிக்கும் அளவுக்குப் பெரிய இயந்திரம் அவர்களிடம் இல்லை. ஆனால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான காண்டர் என்ற மென்பொருள் இருந்தது. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை அது கூட்டி வேலை வாங்கும். உடையவர் வந்து கீபோர்டைத் தொட்டால் மரியாதையாக ஒதுங்கி, வேலையை இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றிவிடும்.

2000 ஜூனில் ஓட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் பல இடங்கள், இத்தாலியின் அணு இயற்பியல் நிறுவனம் என்று சிதறிக் கிடந்த இயந்திரங்கள், சராசரியாக 650-க்கு மேல், உச்சத்தில் 1,009. நடுவே நின்றுபோனபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஏழு நாட்களில், சுமார் 1,190 கோடி கிளைகளைப் பார்த்து முடித்தபோது பதில் வந்தது: 6,124.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த எண் வேறொன்று. அவர்களுடைய புதிய எல்லையைக் கணக்கிட, ஒவ்வொரு கிளையிலும் எளிய ஒதுக்கீட்டுக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கூன் அகராதியை வைத்துக்கொண்டு தேடிப் பிடித்த அதே கணக்கு. அந்த ஒரு வாரத்தில் அதை 57,400 கோடி முறைக்கு மேல் போட்டிருக்கிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம்.

யாருக்கு லாபம்?

இத்தனை மின்சாரம், இத்தனை இயந்திரம், தெரிந்த விடையையே சொல்ல. வீண் வேலை என்று சொல்பவர்களோடு பாதி ஒத்துப்போகிறேன். நுஜென்ட் 30 என்ற கட்டடம் எங்குமே இல்லை. அதன் விடையால் ஒரு நோயாளியும் ஓரடி குறைவாக நடக்கவில்லை. ஆனால் கீழ் எல்லையை வலுப்படுத்தும் கலை அங்கே பழகியது. சிதறிய கம்ப்யூட்டர்களை ஒரே கணக்கில் பூட்டும் வித்தையும் பழகியது. இரண்டும் அந்தக் கணக்கோடு நின்றுவிடவில்லை.

உண்மையான கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி கட்டத் திட்டமிட்டபோது, டென்மார்க்கைச் சேர்ந்த யாகோப் கிராருப்பும் பீட்டர் புரூசானும் 1972-இல் அதை 30 துறைக் கணக்காக எழுதினார்கள். அதன் உகந்த விடை நிரூபணத்தோடு உறுதியானது 1999-இல், அமெரிக்காவின் பீட்டர் ஹான் குழுவினரால். அதற்குள் ஆஸ்பத்திரி கட்டி முடித்து நோயாளிகள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வழியாகத் தீர்ந்தது என்று தலைப்பிலேயே பெருமூச்சு விட்டபடி ஹானும் கிராருப்பும் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். துறைகளுக்கிடையே போக்குவரத்தும் இடங்களுக்கிடையே தூரமும் சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலான எண்களாக இருந்து, துறைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், மிக மோசமான ஒதுக்கீட்டுக்கும் மிகச் சிறந்த ஒதுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றை நெருங்கும். புர்கார்டும் ஃபின்கேயும் 1980-களில் காட்டியது இது. அதாவது, உகந்ததைக் கண்டுபிடிப்பது மலை. கண்டுபிடிக்காவிட்டால் நஷ்டம் சில்லறை. இதைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரித் துறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயும் வைக்கலாம் என்று எந்த இன்ஜினீயரும் நினைக்கக் கூடாது. நிஜமான போக்குவரத்து தற்செயலானது இல்லை. எலும்பு முறிவிலிருந்து எக்ஸ்ரேவுக்கு நாள் முழுக்கக் கூட்டம் போகும். பல் பிரிவிலிருந்து பிரசவப் பிரிவுக்கு யார் போகப் போகிறார்கள்? இப்படிச் சில ஜோடிகளில் மட்டும் கனத்துக் கிடக்கும் கணக்குகளில் நல்ல வரைபடத்துக்கும் மோசமானதற்கும் நடுவே ஏராளமான நடை இருக்கிறது. அதைக் குறைக்க 6,124-க்கு நடந்த மாதிரி நிரூபணம் தேவையில்லை. தையாரின் சில பக்க புரோகிராமும், யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணுவதற்கு இரண்டு ஆட்களும் போதும். நம் ஊரில் புதிய பிளாக் கட்டும்போது அந்த இரண்டு ஆட்களை யாராவது உட்கார வைக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிரூபணத்தைத் துரத்துகிறவர்களும் ஓயவில்லை. தையார் 1991-இல் தற்செயல் எண்களால் உருவாக்கிய முப்பது அறைக் கணக்கு ஒன்று, நுஜென்ட் 30 தீர்ந்த பிறகும் அசையாமல் நின்றது. அதில் வெட்டிக் குறைக்கச் சமச்சீர் கிடையாது. பற்றிக்கொள்ள எந்த ஒழுங்கும் கிடையாது. ஃபூஜீ, கோஜிமா, ஷினானோ முதலான ஜப்பானியர்கள் அடங்கிய குழு ஒன்று, ஒரு லட்சம் கோர்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பூட்டக்கூடிய ஏற்பாட்டோடு அதை உடைத்து, 42 துறைகள் கொண்ட இன்னொரு கணக்கையும் சேர்த்து முடித்துவிட்டதாக 2021-இல் அறிவித்தது. அடுத்த குறி 50 துறைகளும் அதற்கு மேலும் என்று அதே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது துறைகளை வைக்கும் விதங்கள் 65 இலக்க எண்.